பதின்மூன்றாவது ஆணி

கேம்பிரிட்ஜ்ஷயரில் உள்ள ஃபென்ஸ்டான்டன் கிராமத்தில் வெளியூர்க்காரர்கள் தேடிவரும் கல்லறை ஒன்று உண்டு. 18-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துப் பிரபுக்களின் மாளிகைத் தோட்டங்களை வடிவமைத்துப் பெரும்புகழ் பெற்ற லான்சலாட் பிரவுன் இந்த ஊரின் பண்ணையுரிமையை விலைக்கு வாங்கியவர். 1783-இல் இறந்தபோது அவரை இங்கேதான் அடக்கம் செய்தார்கள். நான் போனது அவருக்காக அல்ல. ரோமானியர் காலத்தில் சிலுவையில் அறையப்பட்ட, பெயர் தெரியாத ஒருவனுக்காகப் போனேன். அவனுக்கென்று இருப்பது தோண்டியெடுத்தவர்கள் கொடுத்த ஓர் எண் மட்டும்: 4926. அவனும் இப்போது அந்த ஊரில் இல்லை. அவன் கிடந்த மண்ணின் மேல் புது வீடுகள் எழும்பிவிட்டன.

அவன் என்று எழுதுவது மரியாதைக் குறைவால் அல்ல. 25-க்கும் 35-க்கும் இடைப்பட்ட வயதில் இறந்தவன். என் தம்பியின் வயது. உயரம் ஏறத்தாழ 170 சென்டிமீட்டர். தம்பிக்கும் அதே உயரம்தான்.

2017-ஆம் ஆண்டு, பால் நிறுவனம் ஒன்றின் பழைய வளாகத்தில் குடியிருப்பு கட்டுவதற்கு முன் ஆல்பியன் ஆர்க்கியாலஜி என்ற தொல்லியல் அமைப்பு அங்கே அகழாய்வு செய்தது. இங்கிலாந்தில் 1990-க்குப் பிறகு இதுதான் நடைமுறை: நிலத்தில் கட்டடம் எழுப்ப வருபவரே, அந்த நிலம் மறைத்து வைத்திருப்பதைத் தோண்டிப் பதிவு செய்யும் செலவையும் ஏற்கவேண்டும். நாட்டுப்புறத்து ரோமானியர் காலம் பற்றி இன்று நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி இப்படி வீட்டுமனைகள், நெடுஞ்சாலைகள், சரளைக்கல் குவாரிகள் ஆகியவற்றுக்கு முன்னால் அவசர அவசரமாகத் தோண்டியதில் கிடைத்ததுதான். கோயிலையோ அரண்மனையோ தேடிப்போய்த் தோண்டினால் சாமானியர்கள் கிடைக்க மாட்டார்கள். அவர்கள் தற்செயலாகத்தான் கிடைக்கிறார்கள்.

நான் தொல்லியல் படித்தவள் அல்ல. இந்த ஊர்ப் பக்கம் குடிவந்த பிறகு, வார இறுதிகளில் ஓர் அகழாய்வுக் குழுவுக்குத் தன்னார்வலராகப் போய்வருகிறேன். பெரும்பாலும் பானையோடுகளையும் மாட்டெலும்புகளையும் கழுவும் வேலை. சில நாட்கள் களத்திலும் நின்றிருக்கிறேன். அந்தச் சில நாட்களில் ஒரு புதைகுழி எப்படிக் கண்ணுக்குத் தெரிகிறது என்பதைக் கற்றுக்கொண்டேன். இயந்திரம் மேல்மண்ணை வழித்தெடுத்த பிறகு, கீழே சுத்தமான மஞ்சள் சரளை தெரியும். அதன் நடுவே ஆள் நீளத்துக்கு ஒரு கருமையான கறை. ஒருமுறை தோண்டி மூடிய மண் மறுபடியும் பழைய நிறத்துக்குத் திரும்புவதேயில்லை. 1,800 ஆண்டு ஆனாலும் காட்டிக்கொடுத்துவிடும். கொத்தனார் கரணையைப் போன்ற ஒரு சிறு கருவியால் சுரண்டிச் சுரண்டி, எலும்பு தெரிந்ததும் மரக்குச்சிக்கும் தூரிகைக்கும் மாறுவார்கள். படம் எடுப்பார்கள், அளந்து வரைவார்கள், எண் கொடுப்பார்கள். பிறகுதான் எடுப்பார்கள். இடது கை ஒரு பை, வலது கை ஒரு பை, இடது பாதம், வலது பாதம் தனித்தனிப் பை. மனித எலும்பை எடுக்க 1857-ஆம் ஆண்டின் அடக்கச் சட்டப்படி நீதித்துறை அமைச்சகத்தின் உரிமம் வேண்டும். அந்த உரிமத்தின் நகலை முதன்முதலாகப் பார்த்தபோது எனக்கு நிறைவாக இருந்தது. யாரென்று தெரியாதவர்களைத் தொடுவதற்கும் யாரிடமாவது அனுமதி கேட்டாக வேண்டும் என்பது சரியான ஏற்பாடு.

மரப்பெட்டி மக்கிப்போய்விடும், அதன் ஆணிகள் மட்டும் பெட்டி இருந்த கோட்டிலேயே மண்ணில் நிற்கும். தோல் செருப்பு மக்கிவிடும். அதன் அடியில் அடித்த சிற்றாணிகள் பாதத்தின் வடிவத்திலேயே கிடக்கும். செருப்போடு அடக்கம் செய்வது ரோமானியர் கால பிரிட்டனில் பல இடங்களில் இருந்த வழக்கம். எங்கோ நடந்து போகவேண்டியவர்கள் என்று நினைத்திருப்பார்கள். ஆகவே ரோமானியர் கால இடுகாட்டில் தோண்டுகிறவர்களுக்கு ஆணி புதிதல்ல. துருப்பிடித்த ஆணியைக் கண்டால் யாரும் நெஞ்சு பதறமாட்டார்கள்.

4926-ஐச் சுற்றிலும் பன்னிரண்டு ஆணிகள் இருந்தன. குறித்துக்கொண்டு எடுத்தார்கள். எலும்புகள் பெட்ஃபோர்டில் இருந்த ஆய்வகத்துக்குப் போயின. அங்கே மண்ணைக் கழுவியபோதுதான் வலது குதிகால் எலும்புக்குள் பதின்மூன்றாவது ஆணி இருப்பது தெரிந்தது. எலும்பின் ஒரு பக்கத்தில் நுழைந்து மறுபக்கம் வெளிவந்திருந்தது. சுமார் 5 சென்டிமீட்டர் நீளம்.

இந்தச் செய்தி 2021 டிசம்பரில் வெளிவந்தது. எலும்புகளை ஆராய்ந்தவர் கேம்பிரிட்ஜ் வுல்ஃப்சன் கல்லூரியைச் சேர்ந்த கொரின் டூயிக். பெட்டிக்கு அடித்த ஆணி தவறிப்போய் இறந்தவனின் காலில் ஏறியிருக்கக்கூடாதா என்ற கேள்வியை அவரும் எழுப்பிப் பார்த்து, இல்லை என்ற முடிவுக்கு வந்தார். அதற்கு ஒரு காரணம், ஆணி நுழைந்த இடத்துக்குப் பக்கத்திலேயே எலும்பில் இருந்த ஒரு சிறு குழி. முதலில் அடித்த அடி சரியாக இறங்காமல், இரண்டாம் முறை அடித்திருக்கிறார்கள். அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு அன்று வேறு எதையும் என்னால் படிக்க முடியவில்லை.

நான் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரை ஊரில் பிறந்தவள். தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் ஆச்சியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு சிலுவைப்பாதையின் பதினான்கு நிலைகளையும் முழந்தாளிட்டுக் கடந்திருக்கிறேன். பதினோராம் நிலையில் ஆணி அறைவார்கள். எங்கள் கோயில் சுவரில் இருந்த சுதைச் சிற்பத்தில், ஒரு பாதத்தின் மேல் மறுபாதத்தை வைத்து, மேற்புறத்தில் ஒரே ஆணி. நான் பார்த்த படங்களிலெல்லாம் அப்படித்தான் வரைந்திருந்தார்கள். அந்தப் படம் என் கண்ணுக்குள் அவ்வளவு ஆழமாக இருந்ததால், குதிகாலின் பக்கவாட்டில் ஆணி என்று படித்தபோது அது எந்த இடம் என்றே பிடிபடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, வலது காலை மடித்து, கணுக்காலுக்குக் கீழே விரலால் அழுத்திப் பார்த்தேன். இரண்டு பக்கமும் கெட்டியான எலும்பு. சதை அதிகம் இல்லை.

கைகளில் ஆணித்தடம் எதையும் அவர்கள் காணவில்லை. கைகளைக் கயிற்றால் கட்டியிருக்கலாம். உடலின் பாரத்தைத் தாங்குவதற்காக அல்ல, துடிக்கும் கால் அசையாமல் இருப்பதற்காகவே குதிகாலில் அறைந்திருப்பார்கள் என்பது ஆய்வாளர்களின் கருத்து. கணுக்காலுக்கு மேலே, முன்காலின் எலும்பு மெலிந்தும் அழற்சியின் தடங்களோடும் இருந்தது. இறப்பதற்கு நீண்ட நாள் முன்பிருந்தே அந்தக் கால்களில் விலங்கு கிடந்திருக்கலாம்.

அம்மாவிடம் தொலைபேசியில் இதையெல்லாம் சொன்னேன். அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அந்த ஆணியை ஏன் பிடுங்காமல் விட்டார்கள்?” என்றார்.

அம்மா கேட்டதுதான் இந்த விஷயத்தின் நடுக்கேள்வி. சிலுவைத் தண்டனை ரோமானிய உலகில் அரிதான ஒன்று அல்ல. கிமு 71-இல் ஸ்பார்டகஸ் நடத்திய அடிமைகளின் கிளர்ச்சி ஒடுக்கப்பட்டபோது, கபுவாவிலிருந்து ரோம் வரை சாலை நெடுகிலும் 6,000 பேரை அறைந்ததாக வரலாற்றாசிரியர் அப்பியன் எழுதியிருக்கிறார். ஒரே ஆண்டில், ஒரே சாலையில் நடந்தது அது. ஆனால் இன்றுவரை ஆணியோடு கிடைத்த எலும்புகள் இரண்டே இரண்டு. எகிப்திலும் இத்தாலியிலும் துளை மட்டும் உள்ள எலும்புகளைப் பற்றிச் சொல்கிறார்கள், அவை உறுதியில்லாதவை. ஆணியோடு கிடைத்த முதலாவது, 1968-இல் ஜெருசலேமின் வடக்கே கிவ்அத் ஹாமிவ்தாரில், யெஹோகனான் என்று பெயர் பொறித்த கல்பெட்டிக்குள் இருந்த குதிகால். இரண்டாவது நம் 4926.

மற்றவர்களின் ஆணிகள் எங்கே போயின? பலரைக் கயிற்றால் மட்டும் கட்டினார்கள். அவர்களின் எலும்பில் எந்த அடையாளமும் இராது. பலருடைய உடல் அடக்கம் செய்யப்படவே இல்லை. பறவைகளும் நாய்களும் பார்த்துக்கொண்டன. ஆணி அறைந்தவர்களை இறக்கும்போது ஆணியைப் பிடுங்கிவிடுவார்கள், அது இரும்பு, மறுபடி உதவும். அதற்கு வேறொரு பயனும் இருந்தது. சிலுவையில் அறைந்த ஆணியின் துண்டைக் கம்பளியில் சுற்றிக் கழுத்தில் கட்டிக்கொண்டால் நாலாம் நாள் காய்ச்சல் தீரும் என்ற நம்பிக்கையை முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்த ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி பதிவு செய்திருக்கிறார். நாலாம் நாள் காய்ச்சல் என்றால் மலேரியா. ஃபென்ஸ்டான்டனைச் சுற்றியிருக்கும் ஃபென் சதுப்பு நிலம் 19-ஆம் நூற்றாண்டு வரைக்கும் மலேரியாக் காய்ச்சலுக்குப் பேர்போன இடம். ஒருவனைக் கொன்ற ஆணி இன்னொருவனைக் காப்பாற்றும் என்று நம்பிக் கழுத்தில் தொங்கவிட்ட மனிதர்கள் இங்கேயும் இருந்திருப்பார்களா என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

பிறகு எப்படி இந்த இரண்டு ஆணிகள் மட்டும் தப்பின? வளைந்துவிட்டன. யெஹோகனானின் ஆணி 11.5 சென்டிமீட்டர். அதன் முனை, மரத்தின் கணுவில் மோதியதைப்போல, மடங்கியிருந்தது. ஃபென்ஸ்டான்டன் ஆணியும் வளைந்து எலும்போடு சிக்கிக்கொண்டது. பிடுங்க முடியாததைப் பிடுங்காமல் விட்டார்கள். இப்படிச் சொன்னதும் அம்மா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “அப்படியே வைத்துப் புதைத்தார்களே, அது பெரிய காரியம்” என்றார்.

அன்று வெளிவந்த செய்திகள் எல்லாமே ஆணியைப் பற்றிப் பேசின. பிரிட்டனிலேயே முதல் எலும்புச் சான்று என்றன. அது உண்மைதான். ஆனால் ஆணியை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறவர்கள், அது கிடைத்த இடத்தைப் பார்ப்பதில்லை. அது கிடைத்தது ஓர் இடுகாட்டில். ஒருவன் எப்படிச் செத்தான் என்பது எவ்வளவு உறுதியோ, அவனை யாரோ இறக்கினார்கள், சுமந்து வந்தார்கள், தங்கள் ஆட்களின் நடுவே குழி தோண்டினார்கள் என்பதும் அவ்வளவு உறுதி. அதைச் சொல்லத்தான் இத்தனையும் எழுதுகிறேன்.

யார் அந்த ஆட்கள்? ஊரைச் சுற்றி ஐந்து சிறு இடுகாடுகள் அகப்பட்டன. 40 பெரியவர்கள், 5 குழந்தைகள். ரோமானியர் காலத்துக் கேம்பிரிட்ஜுக்கும் காட்மான்செஸ்டருக்கும் இடையே ஓடிய சாலையோரத்து ஊர் அது. அந்தச் சாலையை இன்று வியா தேவானா என்கிறார்கள். அது பிற்காலத்தவர் வைத்த பெயர். பெரிய கட்டடம் ஒன்று இருந்திருக்கிறது. குதிரை வீரன் வடிவில் வண்ணப்பூச்சு வேலைப்பாடு செய்த, ஆடையில் குத்திக்கொள்ளும் உடுப்பூசி கிடைத்திருக்கிறது. பிளந்த மாட்டெலும்புகள் ஏராளம். உள்ளிருக்கும் மஜ்ஜையை எடுத்து, சோப்போ மெழுகுவர்த்தியோ செய்யக் கொழுப்பு காய்ச்சியிருக்கலாம். ஊரில் பணம் புழங்கியிருக்கிறது. ஆனால் இடுகாட்டு எலும்புகளில் அந்தச் செழிப்பு தெரியவில்லை. சொத்தைப் பற்கள், அடிபட்ட தடங்கள், நோயின் தடங்கள், பாரம் சுமந்து தேய்ந்த மூட்டுகள். கொழுப்பு காய்ச்சும் இடத்தின் நாற்றத்தில் காலையிலிருந்து இருட்டும்வரை நின்றவர்கள் இவர்களாகத்தான் இருக்கவேண்டும்.

மரபணுச் சோதனையில் 4926 இந்த மண்ணின் பூர்வகுடிகளைச் சேர்ந்தவன் என்று தெரிந்தது. சோதித்துப் பார்த்த மற்ற எலும்புகளில் அவனுக்கு இரத்த உறவு யாரும் இல்லை. காலம், கார்பன் கணிப்பின்படி, கிபி 130-க்கும் 360-க்கும் இடையில். அந்த இடைவெளிக்குள் பேரரசின் முகமே மாறிப்போயிருக்கிறது. 212-இல் பேரரசர் காரகல்லா, பேரரசின் சுதந்திர மனிதர்கள் ஏறக்குறைய எல்லோருக்கும் குடியுரிமை கொடுத்தார். நான்காம் நூற்றாண்டில் கான்ஸ்டன்டைன் சிலுவைத் தண்டனையை நிறுத்தினார் என்கிறார்கள். இவன் அந்த வரிசையில் எங்கே நிற்கிறான் என்பதற்கேற்ப அவன் கதை மாறும். அடிமையாக இருந்தானா, குடியுரிமை பெற்றும் ஏழை என்பதால் சட்டம் கைவிட்டதா என்பது அந்த 230 ஆண்டுக்குள் புதைந்து கிடக்கிறது.

உடலைக் கேட்டு வாங்குவதற்குச் சட்டத்தில் இடம் இருந்தது. மூன்றாம் நூற்றாண்டுத் தொடக்கத்து ரோமானியச் சட்ட அறிஞர் பவுலஸ், தண்டனை நிறைவேற்றப்பட்டவர்களின் உடலை அடக்கம் செய்யக் கேட்பவர் யாராக இருந்தாலும் கொடுத்துவிடவேண்டும் என்கிறார். அவர் காலத்தவரான உல்பியன், ராஜத் துரோக வழக்குகளில் மறுப்பதும் உண்டு என்கிறார். “யாராக இருந்தாலும்” என்ற சொல்லை நான் இறுகப் பிடித்துக்கொள்கிறேன். இரத்த உறவு இல்லாதவனை யார் போய்க் கேட்டிருப்பார்கள்? மனைவியா? ஒரே கொட்டகையில் படுத்தவனா? எஜமானனைத் தாண்டி அதிகாரியிடம் போய் நிற்க அவர்களுக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டியிருந்திருக்கும்!

இதே வட்டாரத்து வேறு புதைகுழிகளோடு சேர்த்துப் பார்த்தால்தான் இந்தக் காரியத்தின் எடை தெரியும். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி, சோமர்ஷம் அருகே நாப்ஸ் ஃபார்ம் என்ற இடத்தில், சரளைக்கல் குவாரிக்கு முன்னால் 2001 முதல் 2010 வரை தோண்டினார்கள். 52 பேர், அவர்களில் 17 பேர் தலை வெட்டப்பட்டவர்கள். மூன்றாம் நூற்றாண்டில் மரண தண்டனைக்குரிய குற்றங்களின் பட்டியல் நீண்டுகொண்டே போனதன் விளைவு இது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அங்கேயும் வெட்டுண்டவர்களை மற்றவர்களுக்குப் பக்கத்தில்தான் புதைத்திருக்கிறார்கள். ரட்லாந்து மாவட்டத்து கிரேட் காஸ்டர்டனில் 2015-இல் ஒரு வீட்டுக் கட்டட வேலையில் அகப்பட்டவனுக்கு அதுவும் இல்லை. இரண்டு கணுக்காலிலும் பூட்டிய இரும்பு விலங்கோடு ஒரு பள்ளத்தில், கோணலாகக் கிடந்தான். முறையான இடுகாடு அறுபது மீட்டர் தூரத்தில்தான் இருந்தது.

இன்னொருவனைப் பற்றியும் சொல்லவேண்டும், இவர்களோடு சேராதவன் என்றாலும். ஏ14 நெடுஞ்சாலைப் பணிக்காகத் தோண்டியபோது, ஆஃபர்ட் குளூனி என்ற இடத்தில், பாதையோரப் பள்ளத்தில் தனியாகக் கிடந்த ஓர் இளைஞன். பெட்டி இல்லை, பானை இல்லை, செருப்பாணி இல்லை. யாருமே கவனித்திருக்கமாட்டார்கள். 2023-இல் வந்த மரபணு முடிவு, அவனுடைய முன்னோர் கருங்கடலுக்கு வடக்கே, காகசஸ் பக்கத்துச் சர்மேஷியர்கள் என்றது. பல் சிறுவயதில் அடுக்கடுக்காக உருவாகி, பிறகு மாறாமல் நின்றுவிடுகிறது. ஒவ்வோர் அடுக்கும் அந்தந்த வயதில் தின்றதைக் காட்டும். ஐந்தாறு வயது வரை அவன் தின்றது பனிவரகு, சோளம் போன்ற தானியம். பிறகு அது குறைந்துகொண்டே போய்க் கோதுமை ஏறுகிறது. அவன் மேற்கு நோக்கி வந்துகொண்டிருக்கிறான். 175-இல் பேரரசர் மார்கஸ் ஆரேலியஸ் 5,500 சர்மேஷியக் குதிரை வீரர்களை பிரிட்டனுக்கு அனுப்பினார். அவர்களில் ஒருவனின் மகனாக இருக்கலாம். சாப்பாடு மாறிப்போன பிள்ளைகளை வளர்க்கிறவள் என்பதால் அந்தப் பல்லின் கதை என்னை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

ஃபென்ஸ்டான்டனில் நான் பார்த்ததைச் சொல்ல அதிகம் இல்லை. செயின்ட் ஐவ்ஸ் வரை பஸ், அங்கிருந்து நடை. ஊர் நடுவே செங்கல் மணிக்கூண்டு. ஒருகாலத்தில் ஊர்க்காரர்கள் குற்றவாளிகளை அடைத்துவைத்த கொட்டடி அது. புது வீடுகளின் முன்னால் சைக்கிள்கள் சாய்ந்து கிடந்தன. நினைவுப் பலகை எதையாவது தேடி மூன்று தெருக்களைச் சுற்றினேன். என் கண்ணில் படவில்லை. ஒரு வீட்டின் முன்னால் புதிதாக நட்ட செடிக்கு ஒரு பெரியவர் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். அவரிடம் கேட்கலாமா என்று நினைத்து, கேட்காமலேயே வந்துவிட்டேன். அவர் வீட்டுக்கு அடியில் யார் இருந்தார் என்பதை நான் போய்ச் சொல்வது முறையாகப் படவில்லை.

அடுத்த வாரக் கடைசியில் கழுவும் தொட்டிக்குத் திரும்பினேன். அன்று எலும்பு நிபுணர் பக்கத்தில் நிற்க, வேறொரு இடுகாட்டின் பாதம் ஒன்றை என்னிடம் கொடுத்தார்கள். மனித எலும்பை நான் கழுவியது அதுவே முதல்முறை. குளிர்ந்த தண்ணீர், மிருதுவான பல்துலக்கி, கீழே சல்லடை. ஒரு பாதத்தில் 26 எலும்புகள். சுண்டுவிரல் நுனி எலும்பு ஒரு நெல் அளவுதான் இருந்தது. தண்ணீரோடு போய்விடாமல் இருக்கத்தான் சல்லடை. குதிகால் எலும்பைக் கடைசியாக எடுத்தேன். அதன் பக்கவாட்டிலிருந்து களிமண்ணைக் கரைத்தெடுக்கும்போது கை நடுங்கியது. ஒன்றும் இல்லை. வழவழப்பான எலும்பு. தட்டில் வைத்து, ‘வலது’ என்று எழுதிய சீட்டைப் பக்கத்தில் வைத்தேன்.

வீட்டுக்கு வந்து அந்தப் பன்னிரண்டு ஆணிகளைப் பற்றி யோசித்தேன். உடலைச் சுற்றிக் கிடந்த அவற்றை ஆய்வாளர்கள் ஒரு மரப்பலகையின், அல்லது பாடை போன்ற ஒன்றின் ஆணிகள் என்கிறார்கள். அவனை வெறும் மண்ணில் போடவில்லை. கொல்லன் ஒவ்வோர் ஆணியையும் தனித்தனியாகப் பழுக்கக் காய்ச்சி அடித்த காலம் அது. மாட்டெலும்பைப் பிளந்து கொழுப்பு காய்ச்சிய அந்த ஊரில் யாரோ மரம் தேடியிருக்கிறார்கள், அளந்து அறுத்திருக்கிறார்கள், பன்னிரண்டு ஆணிகளை அவனுக்கென்று எடுத்து வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றாக மரத்தில் அடித்திருக்கிறார்கள்.